அணில் கொண்டுபோன தக்காளி

நீங்கள் எல்லாரும் காலையில் எழுந்ததும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்கள். நான் அதற்கு முன்னால் மாடிக்குப் போய் ஒரு தக்காளியை அமுக்கிப் பார்க்கிறேன். பல் தேய்ப்பது, தலை முடிவது எல்லாம் பிறகுதான். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு படி ஏற வேண்டும். அமுக்கினால் கல்லாக இருக்கும். இறங்கி வந்து காப்பி போடுவேன். காப்பி ஆறுவதற்குள் மறுபடியும் போய்ப் பார்க்கத் தோன்றும். போவேன். பத்து நிமிடத்தில் ஒரு காய் பழுக்காது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கால் கேட்க வேண்டாமா?

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் அந்தத் தக்காளியின் படத்தைப் போட்டேன். என்ன ஒரு வரவேற்பு. ஒருத்தி, "அய்யோ, அழுகிப் போச்சே" என்று எழுதினாள். கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், "வேப்பெண்ணெய் தெளி" என்று யோசனை சொன்னான். இன்னொருத்தி, கத்தரிக்காய்க்கு எதற்கு இத்தனை கூத்து என்று கேட்டாள். மூன்று பேர் அழுகிற பொம்மை போட்டீர்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் இதே மாதிரிக் காயைப் பார்த்து இதையேதான் சொன்னார்கள். அது அழுகவில்லை என்று அன்றைக்குத் தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஓய்வூதியம் வருகிறது, வேறு வேலை ஒன்றும் இல்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. குழித்துறைக்கும் புதுக்கடைக்கும் நடுவில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி, எனக்கு ஒரே மாமா. மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை கிடைத்தது. அதை வாங்கித் தருவதற்காக அப்பா குழித்துறையில் ஒரு பெரியவரின் வீட்டுக்கு நான்கைந்து தடவை நடந்தார். யார் வாசலிலும் போய் நின்று பழக்கமில்லாத மனிதர் அப்பா. இரண்டு வருட ஒப்பந்தத்தில் கப்பலேறிய மாமா, ஏழாம் மாதம் எங்கள் வாசலில் பெட்டியோடு நின்றார். கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்றார்.

அந்தக் காலத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள் டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், நைலான் சேலை என்று இறக்குவார்கள். மாமா பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பல்பொடி டப்பாவை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் இருபது முப்பது விதைகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. அவ்வளவுதான் ஏழு மாதத்துச் சம்பாத்தியம். அம்மா டப்பாவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது மாமாவே பேச்சை எடுத்தார். "கருங்கடல்ன்னு ஒரு கடல் உண்டு அத்தான். அங்க ஒரு துறைமுகத்தில இந்தத் தக்காளியை அறுத்துத் தந்தாங்க. அதுக்கு உப்பே வேண்டாம். அதுக்க உள்ளயே உப்பு உண்டு."

அப்பா சோற்று உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். "தக்காளிக்க உள்ள உப்பு எப்பிடிலே போவும்?"

"அது எனக்குத் தெரியாது அத்தான். ஆனா உண்டு. நான் தின்னேன்."

அந்த நேரத்தில்தான் வாசலில் யாரோ இருமினார்கள். அப்பா எச்சில் கையோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். குழித்துறைப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மாலை. அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு மாலையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சாரே," என்றார். "நீங்க மரிச்சுப் போனதாச் சொல்லில்லா உங்க மச்சினன் கப்பல்ல இருந்து இறங்கியிருக்கான். கம்பெனியில இருந்து எழுத்து வந்திருக்கு."

இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்காமல் மாலையோடு திரும்பிப் போனார். அப்பா உள்ளே வந்து மாமாவின் இலைக்கு முன்னால் நின்றார். அப்பாவுக்குப் பொய் ஆகாது. வகுப்பில் யார் என்ன செய்தாலும் மன்னிப்பார், பொய் சொன்னவனை மட்டும் மன்னிக்க மாட்டார். இங்கே அவரையே சாகடித்து ஒருவன் லீவு வாங்கியிருக்கிறான்.

"எழும்பு," என்றார். "நான் உயிரோட இருக்க வரை இந்த வீட்டில நீ சோறு திங்காண்டாம்."

மாமா கையில் ஒட்டிய சோற்றோடு எழுந்தார். கிணற்றடியில் கைகழுவி, பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். புதுக்கடைச் சந்திப்பில் சிநேகிதன் ஒருவனுக்குச் சாயாக்கடை இருந்தது, அங்கே போய்த் தங்கிவிட்டார். வீட்டு நினைவு பொறுக்க முடியாமல் முதல் வாரத்திலிருந்தே கப்பலில் அழுதுகொண்டிருந்தாராம். எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தும் இறக்கிவிடவில்லை, சாவு என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அப்போது மாமாவுக்கு இருபத்துமூன்று வயது. என் மகனுக்கு அந்த வயது வந்தபோதுதான் இருபத்துமூன்று என்பது எவ்வளவு சின்ன வயது என்று எனக்குப் புரிந்தது.

அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. அப்பாவோடு பேச்சைக் குறைத்தாள். சாப்பாடு ஆச்சு, வெந்நீர் ஆச்சு, அவ்வளவுதான். பத்து நாள் பொறுத்துப் பார்த்த அப்பா, ஒருநாள் அவளைச் சிரிக்க வைக்கிற எண்ணத்தில் சொன்னார். "செரி, அவனுக்க தக்காளியை நட்டுப் பாரு. அதில உப்பு இருந்தா நானே புதுக்கடைக்குப் போய் அவனைக் கூட்டிட்டு வாறேன். போதுமா?"

அம்மா சிரிக்கவில்லை. "சொன்ன சொல்லு மாறக்கூடாது."

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

உண்மைதான். மாறுகிற ஆள் இல்லை. விளையாட்டாகச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி திரும்ப வருவதற்கு அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பல்பொடி டப்பா.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மண்ணைக் கொத்தி விதைத்தாள். எட்டு முளைத்தன. இரண்டைக் கோழி கிளறியது. மூன்று நாற்று காலையில் நன்றாக நின்று சாயங்காலம் துவண்டு விழுந்தன. மிஞ்சியது மூன்றே செடி. இலை நம் ஊர்த் தக்காளி இலையைவிட அகலம். கையால் தடவினால் ஒரு பச்சை நெடி விரலில் ஒட்டிக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அதை நான் மோந்துகொண்டே இருப்பேன். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போனது. புளியும் தேங்காயும் புழங்குகிற அடுக்களை எங்களுடையது, தக்காளிக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. அந்த மூன்று செடிக்கு மட்டும் ராஜ உபசாரம். செடி சாயாமல் இருக்க மரச்சீனிக் கம்பை, அதாவது மரவள்ளித் தண்டை, வெட்டி ஊன்றினோம். ஊன்றிய கம்பு தக்காளிக்கு முந்தித் துளிர்த்தது.

இதோடு நின்றிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். அம்மாவுக்கு ஆசை பொறுக்கவில்லை. தம்பி வீட்டுக்கு வர வேண்டும் என்று, முதல் பழத்தைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

நம் குழுவில் வேறு ஊர்க்காரர்களும் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தைத்தான். எங்கள் சபையில் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்ததும் மாசியில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் விளையில், அதாவது தோட்டத்தில், முதலில் விளைந்தது எதுவோ அது கோயிலுக்கு. ஏத்தன் வாழைக்குலை, தேங்காய், காச்சில் கிழங்கு, காலைக் கட்டிய கோழி என்று முன்வரிசை நிறைந்து கிடக்கும், ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். நேர்ந்து வைத்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் ஒருவரும் ருசி பார்க்கக் கூடாது. எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

முதல் பழம் கோயிலுக்கு, இரண்டாவது பழம் அப்பாவின் நாக்குக்கு, அதன் பிறகு மாமா வீட்டுக்கு. அம்மாவின் கணக்கு இதுதான்.

தை முடிகிற நேரத்தில் மூன்று செடியிலும் சேர்த்து ஏழு காய்கள் பெரிதாகியிருந்தன. மற்றவை எல்லாம் பிஞ்சு. ஏழையும் எனக்கு முகம் முகமாகத் தெரியும். பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, வீட்டுப்பாடத்துக்கு நடுவில் மூன்று தடவை. அப்பாவின் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளப்பேன். அந்த ஸ்கேல் பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை, அதன் ஓரத்தில் பச்சைக் கறை படிந்திருக்கும். அம்மா என்னைத் திட்டுவாள். "ஏட்டி, கண்ணு பட்டே காயி வெம்பிப் போவும்." திட்டிவிட்டு, துணி அலசுகிற சாக்கில் அவளே அங்கே போய் நிற்பாள்.

சிவக்கும் என்று காத்திருந்தோம். தக்காளி என்றால் சிவப்பு. நிறத்தைப் பற்றி மாமாவிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காய்கள் சிவக்கவில்லை. அடிப்பக்கம் மங்கலாக ஒரு கருஞ்சிவப்பு ஏறியது, பிறகு அது இருண்டது. காம்பைச் சுற்றிப் பச்சை போகவே இல்லை. முழங்காலில் அடிபட்டு மூன்றாம் நாள் தோலுக்குள் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். அம்மா காலையில் பார்ப்பாள், சாயங்காலம் பார்ப்பாள். "இன்னும் பழுக்கல்ல," என்பாள். ஒரு வாரம் கழித்தும் "இன்னும் பழுக்கல்ல" என்றாள். பண்டிகைக்குப் பதினைந்து நாள் இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஒரு தடவை மாடிக்குப் போய் வந்துவிட்டேன். இன்னும் கல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இருமல், அதனால் என்னை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்கிறது. நான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பார்த்தேன். பறிக்கிற எண்ணம் இல்லை, சத்தியமாக இல்லை. நடுச்செடியில் இருந்ததை உள்ளங்கையில் ஏந்தினேன். அது மெத்தென்று இருந்தது. சும்மா ஏந்தியதற்கே காம்பிலிருந்து கழன்று கைக்கு வந்துவிட்டது.

இனி அதைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது. பிறகு கடித்தேன். சாறு முழங்கை வரை வழிந்தது. முதலில் ஒரு புளிப்பு, பின்னால் இனிப்பு, அதற்கும் பின்னால், நாக்கின் ஓரத்தில், உப்பு. நான் நிறுத்திவிட்டு மறுபடி கடித்தேன். உப்பு. மாமா பொய் சொல்லவில்லை.

கோயிலுக்கே ஓடிப் போய்ச் சொல்லத்தான் தோன்றியது. முற்றம் வரை ஓடினேன். அங்கேதான் புத்தி வந்தது. உப்பு இருக்கிறது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நேர்ந்து வைத்த முதல் பழம் என் வயிற்றில் இருந்தது. காணிக்கையில் கைவைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஞாயிறு பள்ளியில் விலாவாரியாகச் சொல்லித் தந்திருந்தார்கள். என்னை அடிப்பார்கள் என்பதைவிட, நேர்ச்சை முறிந்ததால் மாமா வரமாட்டார் என்று அம்மா நினைப்பாளே என்பதுதான் என்னை உலுக்கியது. முகத்தைக் கழுவினேன், சட்டையைக் கழுவினேன், மறுபடியும் முகத்தைக் கழுவினேன்.

இரண்டு நாள் கழித்து எண்ணினால் ஐந்து. நான் எடுத்தது ஒன்று, இன்னொன்றையும் காணவில்லை. மதில்மேல் ஒரு அணில் ஓடிக்கொண்டிருந்தது. நல்லதாய்ப் போயிற்று, யாராவது கேட்டால் இரண்டையும் அணில் தலையில் போடலாம் என்று வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. அம்மா கூடக் கேட்கவில்லை. தினம் எண்ணுகிறவள் எப்படிக் கேட்காமல் இருந்தாள் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் பக்கத்து விளையைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துக் காய்கறி போட்டிருந்தவர் வந்தார். அவருடைய கத்தரியில் இரண்டு வரிசை வாடிவிட்டது. எங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர், அப்பாவைக் கூப்பிட்டார்.

"சாரே, இது பெரிய கேடாக்கும். இஞ்ச இருந்துதான் எனக்க கத்தரிக்கு ஏறுது. காயைப் பாருங்க, கறுத்துப் போச்சு. அணிலு கூட தொடல்ல."

அணில் தொட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு காயைப் பிடுங்கி, இடுப்புக் கத்தியால் இரண்டாக அறுத்துக் காட்டினார். உள்ளே பச்சையும் கருஞ்சிவப்புமாக ஒரு கூழ். பழுத்து முற்றிய, ஒன்றாந்தரமான பழம் அது என்று இப்போது சொல்வேன். அன்று அதைப் பார்த்து எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள்.

அப்பா எங்கள் இருவரையும் பார்த்துத் திரும்பினார். "யாராவது இதைத் தின்னியளா? நிசத்தைச் சொல்லணும்."

அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம் என்று இப்போது தெரிகிறது. விஷமாக இருக்குமோ என்ற பயம். எனக்கு அன்று கோபம் என்றுதான் கேட்டது.

"இல்லப்பா," என்றேன்.

"நீ?"

"நான் எதுக்குத் திங்கப் போறேன்? கோயிலுக்கு நேந்து வச்சதுல்லா," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என் பொய் தெரிந்துவிட்டது என்று நினைத்துத் தரையைப் பார்த்தேன்.

அப்பா அறுத்த பாதியை வாங்கினார். மோந்து பார்த்தார். விரலால் சாற்றைத் தொட்டார். விரல் மெல்ல வாய்க்கு அருகில் போனது. வையுங்கள் அப்பா, வையுங்கள் என்று உள்ளே கத்திக்கொண்டிருக்கிறேன்.

"சாரே, வேண்டாம்," என்று பாட்டக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "பிள்ள உள்ள ஆளு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "நேந்ததுல்லா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விரலை வேட்டியில் துடைத்தார். அந்தக் கறை வெளுக்கப் போட்டும் போகவில்லை.

மூன்று செடியையும் அப்பாவே பிடுங்கினார். தென்னந்தடத்தில் போட்டுக் காய்ந்த ஓலையோடு எரித்தோம். பச்சைச் செடி எரிய மாட்டேன் என்று புகைந்தது. தக்காளி வெடிக்கிற சத்தம் பொட்டுப் பொட்டென்று கேட்டது. பாட்டக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் குடும்பம் அந்தக் கத்தரியைத்தான் நம்பியிருந்தது. செடியை எரித்த பிறகும் அவர் கத்தரி வாடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் மரச்சீனிக் கம்புகள் மட்டும் நன்றாக வளர்ந்து, அடுத்த வருடம் கிழங்கு வைத்தன. அவித்துத் தின்றோம்.

பண்டிகைக்கு அம்மா ஒரு தடியங்காயை, வெள்ளைப் பூசணியை, கொண்டுபோனாள். விலைக்கு வாங்கிய தடியங்காய். அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏலம் நடக்கும்போது கோயில் மதிலுக்கு வெளியே மாமாவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, செடி காய்ச்சுதா?"

"காய்ச்சுது மாமா. பொறவு கேடு வந்து அப்பா பிடுங்கிப் போட்டாரு."

"ஒண்ணு கூட தின்னு பாக்கல்லியா?"

அவர் கண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஒரு கேள்விக்காவது நான் உண்மை சொல்லியிருக்கலாம். அவரிடம் மட்டுமாவது, காதோடு, உப்பு இருந்தது மாமா என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார்.

"யாரும் திங்கல்ல மாமா," என்றேன்.

"செரி, போவட்டு," என்றார். என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்டிகைக்கு முந்தைய மாதம் அப்பா தன் நல்ல சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி ஆணியில் மாட்டியிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, பண்டிகை கழிந்து ஒரு இடம் போக வேண்டியிருக்கிறது என்றார். புதுக்கடைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பக்கத்து வீட்டில் கேட்டதை நானே கேட்டேன். செடியை எரித்த பிறகும் சட்டை ஆணியில் கிடந்தது, மடிப்பில் தூசி படியும் வரை. அப்பாவுக்கும் அந்த உப்பு தேவைப்பட்டிருக்கிறது. விட்டுக்கொடுக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்த மனிதரை, ஒரு சாக்கும் இல்லாமல் நிற்க வைத்தது நான்.

மாமா பம்பாய்க்குப் போனார். என் கல்யாணத்துக்கு வந்தார். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பந்திக்கு எல்லாரும் எழுந்தபோது அவரைக் காணவில்லை. எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்னாமல் போய்விட்டார். அப்பா வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், கூப்பிடவில்லை. அதற்கு நான்கு வருடம் கழித்து மாமா இறந்துபோன செய்தி வந்தது, அடக்கம் முடிந்த பிறகு. அப்பா அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. அவரும் போய் வெகுநாள் ஆகிறது.

இது வரை எழுதி முந்தாநாளே முடித்துவிட்டேன். குழுவில் போடலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக நடந்துகொண்டிருந்தேன். இன்று காலை மேலே போனேன். அமுக்கினேன். மெத்தென்று இருந்தது.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். கண் பார்வை மங்கல், வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். விதையை என் மகள் எங்கிருந்தோ தபாலில் வரவழைத்தாள். மாடியில் என்ன வளர்க்கிறேன் என்று அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. பழத்தை நான்காக அறுத்து, ஒரு துண்டை அவள் கையில் கொடுத்தேன். என்ன என்று கேட்காமல் வாயில் போட்டாள். பல் இல்லாத வாய் மெல்ல அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"இதில நீ உப்பு போட்டியா?"

"இல்லம்மா."

"அன்னைக்கு உப்பு இதைவிடக் கூடுதல்," என்றாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "என்னைக்கும்மா?"

அவள் சாற்றைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு, யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "துணி அலசிட்டு இருக்கும்போ ஒண்ணைத் தொட்டேன். கையோட வந்துட்டுது. நேந்த சாதனம்ன்னு தெரிஞ்சும் தின்னேன். உப்பு. ஒனக்க அப்பா உள்ள உக்காந்து பரீட்சைப் பேப்பரு திருத்திட்டு இருந்தாரு. சொல்லதுக்கு ஓடினேன். என்னன்னு கேட்டாரு. காப்பி வேணுமான்னு கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டேன்."

வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் நேர்ச்சையை முறிச்சதினாலதான் எனக்க தம்பி வராமலே போனான்," என்றாள். "ஏழு இருந்துது. நான் ஒண்ணு. அணிலு ஒண்ணு. மிச்சம் அஞ்சும் தீயில போச்சு."

தட்டைக் கட்டிலில் வைத்தேன்.

"அது அணில் இல்லம்மா," என்றேன்.

அம்மாவின் முகம் என் பக்கம் திரும்பியது. மங்கிய கண்கள் என்னைத் தேடின. தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்து, பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நாம ரெண்டு பேரு இருந்தோமே மக்கா," என்றாள். "ஒருத்தியாவது வாயைத் தொறந்திருக்கலாமே."

தட்டில் மூன்று துண்டு இருந்தது. ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் தின்னாமல் என் வாய் எங்கே இருக்கிறது என்று தேடினாள்.